நவம்பர் 1: தமிழ்நாட்டு வரலாற்றில் இந்த நாளுக்கு என்ன எழுதுவது?

#1 நூலகத்திண்ணை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் காலையில் 'வரலாற்றில் இன்று' என்று அதில் எழுதுவது என் பொறுப்பு. பெரும்பாலான நாட்களுக்குச் சிரமமில்லை. யாராவது பிறந்திருப்பார்கள், யாராவது இறந்திருப்பார்கள். நவம்பர் 1 வந்தால்தான் சண்டை. 'தமிழ்நாடு பிறந்த நாள்' என்று எழுதச் சொல்கிறார் வட்டத்தின் தலைவர். 'அரசாங்கமே ஜூலை 18 என்று அறிவித்துவிட்டது, நீ எப்படி அதை எழுதுவாய்' என்கிறார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இரண்டு பேரும் எனக்கு மூத்தவர்கள், இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கட்சிப் பேச்சு வேண்டாம். அந்தத் தேதியில் நிஜமாக என்ன நடந்தது, எந்த ஊர் எங்கே போனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பலகையில் ஆறு வரிக்கு மேல் இடமில்லை.

#2 கெஜட்டியர்பித்தன்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பசல் அலி தலைமையில் கே.எம்.பணிக்கர், எச்.என்.குன்ஸ்ரு அடங்கிய குழு முந்தைய ஆண்டு கொடுத்த அறிக்கைதான் அதற்கு அடிப்படை. சென்னை மாநிலத்தைப் பொறுத்தவரை அன்று நடந்தது கொடுக்கல் வாங்கல்.

போனவை: மலபார் மாவட்டம் கேரளத்துக்கு. தென் கன்னட மாவட்டத்தில் காசர்கோடு தாலுகா கேரளத்துக்கு, மீதி மைசூருக்கு. கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து கொள்ளேகால் தாலுகா மைசூருக்கு. லட்சத்தீவுகள் மத்திய அரசின் நேரடி ஆளுகைக்கு.

வந்தவை: திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள். இவை சேர்ந்துதான் கன்னியாகுமரி மாவட்டம். கூடவே செங்கோட்டை, அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது.

பரப்பளவில் பார்த்தால் போனதுதான் மிக அதிகம். மிச்சமிருந்தது 13 மாவட்டம். இதைப் 'பிறந்த நாள்' என்று எழுதினால், பங்கு பிரித்து முடித்த நாளைக் கிரகப்பிரவேசம் என்று சொல்வது போல இருக்கும்.

#3 வடக்குமாசி

பித்தன் சார், திருத்தணியை விட்டுவிட்டீர்களே. ம.பொ.சி. போராடி வாங்கித் தந்தது அன்றைக்குத்தானே? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். பலகையில் முதல் வரியாகத் திருத்தணியைப் போடுங்கள் அக்கா.

#4 அரக்கோணத்தான்

தம்பி, போடாதீர்கள். நான் அந்தப் பக்கத்துக்காரன். திருத்தணி நமக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. நவம்பர் 1 அன்று அது ஆந்திரத்தில்தான் இருந்தது.

வடக்கு எல்லைக்குத் தனிக் கதை. 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதத்திலேயே உயிர்விட்டார். அடுத்த அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராக வைத்து ஆந்திர மாநிலம் பிறந்தது. இடைப்பட்ட மாதங்களில் சென்னை நகரமே யாருக்கு என்று இழுபறி. அந்தப் பக்கம் 'மதராஸ் மனதே' (மதராஸ் நம்முடையதே) என்றார்கள். இந்தப் பக்கம் ம.பொ.சி. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்றார். நகரம் தங்கியது. சித்தூர் மாவட்டம் மொத்தமாக ஆந்திரத்துக்குப் போனது, அதோடு திருத்தணியும் போனது.

அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்களின் வேலை. குருகுலம் வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழார், வழக்கறிஞர் கே.விநாயகம், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்துக்காரர்கள் என்று மறியலும் சிறையுமாகக் கழிந்த வருடங்கள். கடைசியில் எல்லைத் தகராறுக்கு நடுவராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பின்படி சட்டம் வந்து, 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை.

வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை வெள்ளைக்காரன் உண்டாக்கியதும் ஒரு ஏப்ரல் 1, 1911. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எங்களுக்கு நாள் என்றால் அதுதான். நவம்பர் 1 அன்று எங்கள் ஊரில் ஒருவரும் ஒன்றும் கொண்டாடுவதில்லை.

#5 குமரிமேற்கு

இழையைப் பார்த்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். சென்னையில் இருப்பவர்களுக்கு நவம்பர் 1 ஒரு தேதி. எங்களுக்கு அப்படி இல்லை. நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணி சிலைக்கு அன்று மாலை விழாமல் இருக்காது. எந்தக் கட்சி ஆண்டாலும் சரி.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் தெற்குத் தாலுகாக்களில் பெரும்பாலானோர் பேசியது தமிழ். ஆபீஸ் மொழி, பள்ளிக்கூடம், கோர்ட் எல்லாம் மலையாளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உருவானது அதனால்தான். நத்தானியல், பி.எஸ்.மணி, தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார் என்று பலர் இருந்தார்கள். முன்னால் நின்றவர் பள்ளியாடியிலிருந்து வந்த வழக்கறிஞர் நேசமணி. 1954 தேர்தலில் இவர்களுக்கு 12 இடம் கிடைத்தது. தனி மாநிலம் வேண்டாம், பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிடுங்கள் என்பதையே கட்சியின் வேலையாக வைத்து ஒரு சட்டமன்றத்தில் 12 இடம் வாங்குவது சின்ன விஷயமில்லை.

அதே வருடம் ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்சியில் இருந்தவர் பட்டம் தாணுபிள்ளை, பிரஜா சோசலிஸ்ட் கட்சி. அந்தக் கட்சியின் ராம் மனோகர் லோகியாவே, நிராயுதபாணிகளைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். பட்டம் விலகவில்லை, லோகியாதான் கட்சியில் ஓரங்கட்டப்பட்டார். செத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள், இளவட்டங்கள்.

இரண்டு வருடம் கழித்து நவம்பர் 1. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதை மலையாளக் கணக்கில் 1132-ஆம் கொல்லம் ஆண்டு என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் மூலப் பத்திரத்தைத் தேடிப் போனால் 1956-க்கு முந்தையது மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லவே ஆள் வேண்டும். எங்கள் குடும்பப் பத்திரம் ஒன்றுக்கு அப்படி ஆள் தேடி அலைந்தது எனக்கே நினைவிருக்கிறது. மொழிபெயர்த்த பெரியவர் கூலியாக ஒரு தார் செந்துளுவன் போதும் என்றார்.

எல்லை மாறியபோது எல்லாமும் சேர்ந்து மாறவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. சுற்றுலா வருபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நவராத்திரிக்கு வருடாவருடம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் போய் வருவார்கள். களியக்காவிளையில் இந்தப் பக்கத்துப் போலீஸ் வழியனுப்ப, அந்தப் பக்கத்துப் போலீஸ் வரவேற்கும். இதெல்லாம் சந்தோஷமான பக்கம். நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் விளவங்கோட்டுக்கு வருவது 2004-ல் நின்றது. அது இன்னொரு பக்கம்.

அதனால் நூலகத்திண்ணை அக்கா, 'தமிழ்நாடு பிறந்த நாள்' வேண்டாம். 'கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள்' என்று எழுதுங்கள். அது யாரும் மறுக்க முடியாத வரி.

#6 போடிமெட்டு

இணைந்ததைப் பேசும்போது இணையாததையும் பேசுவோம். நேசமணி கேட்டது நாலு தாலுகா மட்டுமில்லை. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் எல்லாம் பட்டியலில் இருந்தன. (இந்தச் சித்தூர் பாலக்காடு பக்கத்துச் சித்தூர், அரக்கோணத்தான் சொன்னது வேறு.) எங்கள் மலைக்கு மேலே மூணாறு எஸ்டேட்டுகளில் கொழுந்து பறித்தவர்கள் யார்? எங்கள் ஆட்கள்தான். தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள், நிரந்தரக் குடிகள் அல்ல என்று வைத்துக்கொண்டும், அந்த மலைகளின் பொருளாதார மதிப்பைச் சொல்லியும் குழு இரண்டு தாலுகாவையும் அங்கேயே விட்டது.

முல்லைப் பெரியாறு அணை நிற்பது பீர்மேட்டில். 1886 குத்தகையில் நிற்கிறது. கீழே தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீரை நம்பி நடவு. இப்போது அணை பற்றி யார் எங்கே வழக்குப் போட்டாலும் அதன் வேர் 1956 நவம்பர் 1-ல் இருக்கிறது. கொண்டாடச் சொன்னால் எங்களுக்குக் கை வரவில்லை.

காமராஜர் சொன்னதாக ஒரு வசனம் உண்டு...

#7 நெறியாளர்

போடிமெட்டு, அந்த வசனத்தை இங்கே தொடங்க வேண்டாம். எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில், எந்தப் பத்திரிகையில் என்று சான்றோடு வந்தால் தனி இழை திறந்து தருகிறேன். இதற்கு முன் அது வந்த இரண்டு இழைகளையும் பூட்ட வேண்டியதாகிவிட்டது.

#8 சட்டமன்றக்குறிப்பு

குமரி நண்பருக்கு என் வணக்கம். ஆனாலும் தலைமையாசிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எல்லை ஒன்று, பெயர் ஒன்று. நவம்பர் 1 அன்று எல்லை அமைந்த பிறகும் அதிகாரப்பூர்வமாக இது மதராஸ் மாநிலம்தான்.

விருதுநகர் சங்கரலிங்கனாரை நினைத்துப் பாருங்கள். 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். 12 கோரிக்கை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. காங்கிரஸ்காரர், காந்தியவாதி, தன் கட்சி ஆட்சியை எதிர்த்தே பட்டினி கிடந்தார். அக்டோபர் 13 அன்று இறந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 1 வந்துவிட்டது. அவர் கேட்ட பெயர் இல்லாமல் வந்தது.

அடுத்த வருடம் தி.மு.க. சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. 1961-ல் பூபேஷ் குப்தா, அவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட், மாநிலங்களவையில் இதற்காகவே மசோதா கொண்டுவந்தார். அது 1963-ல் விவாதத்துக்கு வந்தபோது அண்ணா ஆதரித்துப் பேசினார். அதுவும் தோற்றது.

1967 ஜூலை 18 அன்றுதான் தீர்மானம் ஜெயித்தது. அண்ணா முதலமைச்சர், சி.பா.ஆதித்தனார் பேரவைத் தலைவர். ஒருமனதாக நிறைவேறியது, எதிர்வரிசையில் இருந்த காங்கிரஸும் சேர்ந்துதான். 'தமிழ்நாடு' என்று அண்ணா மூன்று முறை சொல்ல, அவை முழுவதும் 'வாழ்க' என்றது. பத்து வருடம் முன்பு தோற்ற தீர்மானம், அதே அவையில். 2021-ல் அரசு ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்ததற்குக் காரணம் இதுதான்.

#9 வடக்குமாசி

அப்படியானால் 2019-ல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது யார்? அதுவும் அரசாங்கம்தானே? ஆட்சி மாறினால் பிறந்த நாளும் மாறுமா?

#10 தாளவாடி மாதேவன்

வடக்குமாசிக்கு: மாறும் போலிருக்கிறது! ஆனால் ஒன்று. 2021 அறிவிப்பில் நவம்பர் 1-ஐத் தூக்கிப் போடவில்லை. அதை எல்லைப் போராட்டத் தியாகிகளின் நாள் என்று வைத்து, உயிரோடு இருப்பவர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும் அறிவித்தார்கள். குமரிமேற்கு கேட்பது ஏறக்குறைய அதுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. கர்நாடகத்துக்காரர்கள் இந்தத் தலைவலியே இல்லாமல் தப்பித்தார்கள். அவர்களுக்கும் 1956-ல் எல்லைதான் வந்தது, பெயர் மைசூர் என்றே இருந்தது. தேவராஜ் அர்ஸ் பெயரைக் கர்நாடகம் என்று மாற்றியபோது 1973 நவம்பர் 1 என்று தேதி பார்த்து வைத்தார். ஒரே நாளில் இரண்டும் அடக்கம். மஞ்சளும் சிவப்புமாகக் கொடி ஏற்றி ராஜ்யோத்சவம் கொண்டாடுகிறார்கள், எது நாள் என்று எவரும் கேட்பதில்லை. நம் ஆட்கள் பொங்கலைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் மாற்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் 1968-ல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. நியாயப்படி மூன்றாவது வேட்பாளர் அந்தத் தேதிதான், அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

எங்கள் ஊர் சங்கதியும் கேளுங்கள். கொள்ளேகால் அந்தப் பக்கம் போனபோது தாளவாடி இந்தப் பக்கம் நின்றுவிட்டது. வீட்டில் கன்னடம், ரேஷன் கார்டில் தமிழ். நடிகர் ராஜ்குமாரின் குடும்ப ஊரான தொட்ட காஜனூர் இங்கேதான், ஈரோடு மாவட்டத்தில். 2000-ல் வீரப்பன் அவரைக் கடத்தியது அந்த வீட்டிலிருந்துதான். கன்னடர்கள் தெய்வமாகக் கும்பிட்ட மனிதரின் ஊர் கர்நாடகத்தில் இல்லை. மொழிவாரி மாநிலம் என்றால் கத்தரித்த மாதிரி பிரிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இங்கே வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம்.

#11 பாண்டி மீனா

எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள், விடுமுறை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு, நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கையளித்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. எங்களுக்கும் இரண்டு தேதி, எங்களுக்கும் சண்டை உண்டு. தமிழ்நாட்டு வரலாறு இல்லைதான். ஆனால் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லலாமே அக்கா.

#12 பாகவதர்வெறியன்

அரசியலை விடுங்கள். 1959 நவம்பர் 1 அன்று எம்.கே.தியாகராஜ பாகவதர் காலமானார். பலகையில் அதற்கு இடமில்லை என்றால் அது என்ன பலகை?

#13 சட்டமன்றக்குறிப்பு

மாதேவன் சொன்ன ஜனவரி 14 பற்றி ஒரு வார்த்தை. அன்று அண்ணா உடல் மிகத் தளர்ந்த நிலையில் இருந்தார். அந்த நிலையிலும் தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. பிப்ரவரி 3 அன்று இறந்தார். தமிழ்நாடு என்ற பெயர் சட்டமான பிறகு அவர் முதலமைச்சராக இருந்தது மூன்று வாரம்தான். கலைவாணர் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் என்பதைக் குமரிமேற்கு சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒன்றரை வருடம் போயிருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு தீர்மானத்துக்குத்தான். டெல்லி ஒப்புக்கொண்ட நாளைவிட நாம் கேட்டு நிறைவேற்றிய நாள் பெரிது.

#14 குமரிமேற்கு

ஒழுகினசேரியை விட்டுவிட மாட்டீர்கள் என்று தெரியும்.

போடிமெட்டு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. தேவிகுளம், பீர்மேடு வரவில்லை என்ற வருத்தம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கும் கடைசிவரை இருந்தது. ஆகஸ்ட் 11 அன்று எங்கள் தெருக்களில் நடந்த ஊர்வலமே தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழர்களுக்கு நடந்த அடக்குமுறையைக் கண்டித்துத்தான். உங்களுக்காக எழுந்தவர்கள் இங்கே சுடப்பட்டார்கள். நாங்கள் வந்தோம், நீங்கள் வரவில்லை. ஆகவே நவம்பர் 1 அன்று எங்கள் ஊரில் மாலை போடும்போது மலையையும் யாராவது ஒருவர் மேடையில் சொல்லாமல் விடுவதில்லை.

#15 போடிமெட்டு

இது எனக்குப் போதும் தம்பி. பலகையில் மட்டும் 'கொண்டாட்டம்' என்ற வார்த்தை வேண்டாம்.

#16 நெறியாளர்

இடையில் வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தத் தலைவர் துரோகி என்பது இந்த இழையின் கேள்வி இல்லை. வடக்குமாசி, உங்களுடையதும் அதில் ஒன்று.

#17 நூலகத்திண்ணை

எல்லோருக்கும் நன்றி. பாதி ராத்திரி வரை படித்தேன். எழுதப்போவது இது:

நவம்பர் 1
1954: புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது.
1956: மொழிவாரி மாநிலங்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை நம்மோடு சேர்ந்தன.
மலபார், தென் கன்னடம், கொள்ளேகால் பிரிந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் வரவில்லை.
1959: எம்.கே.தியாகராஜ பாகவதர் மறைவு.

தலைப்போடு ஆறு வரிக்குள் வந்துவிட்டது. 'பிறந்த நாள்' இல்லை. ஜூலை 18-க்கும் ஜனவரி 14-க்கும் அந்தந்த நாளில் தனியாக எழுதுவேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 1-க்குத் திருத்தணி. வட்டத்தலைவருக்கு இன்னும் மனசில்லை, ஆனால் சாக்பீஸ் என் கையில்தான் இருக்கிறது.

#18 கெஜட்டியர்பித்தன்

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: 'செங்கோட்டை' என்பதை 'செங்கோட்டையின் பெரும்பகுதி' என்று மாற்றுங்கள். மேற்கே மலைப்பகுதி, ஆரியங்காவுப் பக்கம், கேரளத்தோடு நின்றுவிட்டது. ரயிலில் புனலூர் போனவர்களுக்குத் தெரியும்.

#19 நூலகத்திண்ணை

மாற்றுகிறேன் சார். ஆனால் வரி நீண்டு பாகவதர் கீழே இறங்குகிறார்.

#20 பாகவதர்வெறியன்

தொட்டுப் பாருங்கள் அவரை.